அஞ்சல் பெட்டியும் மனச்சான்றும்

தவக்காலத்தின் முதல் வாரம் அது. காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு பங்கு அலுவலகத்திற்கு வந்து கணினியைத் திறந்தேன். முந்தைய இரவிலிருந்து வந்து குவிந்திருந்த மின்னஞ்சல்களை ஏனோ அன்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. மொத்தம் 43. அவற்றுள் ஒரு மனிதர் மற்றொரு மனிதரை நினைத்து எழுதியவை 3. எஞ்சியவை யாவும் துணிக்கடைத் தள்ளுபடி, கடன் அழைப்பு, காப்பீடு, எப்போதோ ஒரு மின்விசிறி வாங்கிய கடையின் பண்டிகை வாழ்த்து, நான் போகவே எண்ணாத ஊர்களுக்கு மலிவு விலைப் பயணச் சீட்டு. இவற்றுக்கிடையே, வெளிநாட்டில் மரணப் படுக்கையில் இருக்கும் ஒரு செல்வச் சீமாட்டி தம் சொத்து முழுவதையும் இறைப்பணிக்கென என்னிடமே ஒப்படைக்க விரும்புவதாக எழுதியிருந்தார். குருக்களாகிய எங்களுக்கு இத்தகைய சீமாட்டிகளின் கடிதம் மாதத்தில் இரண்டு மூன்றாவது வரும். இன்றுவரை அவர்களில் ஒருவரும் இறந்ததாகத் தெரியவில்லை.

"அழித்துவிட்டால் முடிந்தது. இதில் சிந்திக்க என்ன இருக்கிறது?" என்று நண்பரான குரு ஒருவர் கேட்டார். நெடுங்காலம் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயினும், சென்ற ஆண்டில் நிகழ்ந்த ஒன்று இதனை அவ்வளவு எளிதாக விட்டுவிட என்னை அனுமதிக்கவில்லை. என் கவனத்தைக் கேட்டு வருவோர் எல்லாருக்கும் அதனைத் தர நான் கடமைப்பட்டிருக்கிறேனா? இல்லையெனில் யாருக்கு மறுக்கலாம்? எவ்வாறு மறுக்கலாம்? மறுக்கும் உரிமையை நான் ஓர் இயந்திரத்தின் கையில் ஒப்படைக்கலாமா? இவை கணினி அறிந்தோர் மட்டுமே விடை காணவேண்டிய கேள்விகள் அல்ல.

அழையாத மடல் நம் காலத்துப் புதுமையன்று. 1864ஆம் ஆண்டிலேயே இலண்டன் மாநகரில் அரசியல் தலைவர்கள் சிலரது வீட்டுக்கு மாலைப் பொழுதில் தந்தி வந்தது. அந்நாளில் தந்தி என்றாலே நெஞ்சம் பதறும். பதற்றத்தோடு பிரித்துப் பார்த்தால், உள்ளே பல் மருத்துவர்கள் சிலரது விளம்பரம்! சினமுற்ற ஒருவர் 'தி டைம்ஸ்' நாளேட்டுக்கு முறையீட்டுக் கடிதம் எழுதினார். கணினி வலையில் இதற்கு இணையான முதல் நிகழ்ச்சி 1978ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது. அமெரிக்காவில் கணினி விற்பனை அலுவலர் ஒருவர், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காண வருமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். அன்றைய கணினி வலை ஆய்வறிஞர்களின் சிறு குடும்பம், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவேதான் 1982இல் மின்னஞ்சல் செல்லும் நெறிமுறையை வகுத்தபோதும், அனுப்புகிறவர் தாம் யாரென்று சொல்கிறாரோ அதனை அப்படியே நம்பும்படி வகுத்தார்கள். முகமறிந்த சிற்றூரில் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? அந்தச் சிற்றூர் உலகமாகிவிட்டது; தாழ்ப்பாள் மட்டும் பின்னர்தான் செய்ய வேண்டியதாயிற்று.

இவ்வளவு குப்பையை யார் வாங்குகிறார்கள் என்று வியப்போம். 2008ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஆய்வாளர்கள் சிலர் இதனை அளந்து பார்த்தார்கள். மருந்து விற்கும் குப்பை மடல்களின் வழித்தடத்தில் தாங்களே புகுந்து, என்ன நேர்கிறது என்று 26 நாள்கள் கண்காணித்தனர். ஏறத்தாழ 35 கோடி மடல்கள் அனுப்பப்பட்டன. வாங்கும் கட்டம்வரை சென்றவர்கள் 28 பேர். அம்மடல்களில் பெரும்பகுதி வழியிலேயே தடுக்கப்பட்டது என்பது உண்மையே. என்றாலும் இக்கணக்கை எண்ணிப் பாருங்கள். 28 பேரின் பணத்துக்காகக் கோடிக்கணக்கானோர் வாசலில் குப்பை கொட்டப்படுகிறது. அனுப்புகிறவனுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. பெறுகிறவன் தன் கண்ணாலும் நேரத்தாலும் அதற்கு விலை கொடுக்கிறான். ஒருவனிடமிருந்து பத்து ரூபாயைக் களவாடினால் அது ஏழாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்று சிறுவரும் சொல்வர். ஒரு கோடிப் பேரிடமிருந்து ஆளுக்கு ஐந்து நொடிகளை எடுப்பவனைப் பற்றி நம் மறைக்கல்வி நூல்கள் தனியே பேசவில்லை. இழந்தவர் எவருக்கும் இழப்பு பெரிதாகத் தோன்றாததால் இக்களவு களவெனப்படுவதில்லை, அவ்வளவே.

ஆனால், பிறர் பாவத்தைப் பேசுவது எளிது. என் பெட்டியைத் துப்புரவு செய்ய ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கியபோது, அந்த வேலை ஆன்ம ஆய்வாகவே மாறிவிட்டது. 'விலகுக' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தேடுபெட்டியில் இட்டேன். வணிக மடல்கள் எல்லாவற்றின் அடியிலும் அச்சொல் பொடி எழுத்தில் இருக்கும். நூற்றுக்கணக்கில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் திறந்து, இவர் எப்படி என் வீட்டுக்குள் வந்தார் என்று கேட்டுக்கொண்டே போனேன். பெரும்பாலோரை உள்ளே விட்டவன் நானேதான்! ஒருமுறை நூறு ரூபாய்த் தள்ளுபடிக்காக முகவரி தந்திருக்கிறேன். புகைப்படக் கருவி வாங்கும் எண்ணமே இல்லாமல் அவற்றின் விலையைப் பார்ப்பதற்கென்றே இரண்டு கடைகளில் பெயர் பதிந்திருக்கிறேன். 'விதிமுறைகள் யாவற்றையும் படித்தேன், இசைகிறேன்' என்ற வாசகத்தின் அருகே படிக்காமலேயே குறியிட்டிருக்கிறேன். அது எத்தனை முறை சொன்ன பொய் என்று எண்ணத் துணியவில்லை. என் பெட்டி எவருடைய அத்துமீறலின் சான்றாகவும் இருக்கவில்லை. என் சிறு ஆசைகளின் பதிவேடாக இருந்தது.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பேரேட்டில் அறிவு நாட்டத்தை அளவுடைமை என்னும் நற்பண்பின்கீழ் வைத்து ஆராய்கிறார். செவ்வையான கற்கும் ஆர்வத்தையும், கண்டதையெல்லாம் அறியத் துடிக்கும் வீண் ஆவலையும் அடுத்தடுத்துப் பேசுகிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது இது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. உணவிலும் குடியிலும் அளவு வேண்டும், சரி; அறிவதில் எதற்கு அளவு? நம் பாட்டன் பாட்டிமார் 'மட்டசனம்' என்றொரு அழகிய சொல்லை மந்திரம் படித்தபோதே கற்றிருந்தார்கள். போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் அது. கண்ணுக்கும் ஒரு மட்டசனம் உண்டு என்பதை நான் அறிய ஓர் அஞ்சல் பெட்டி நிரம்பி வழிய வேண்டியிருந்தது.

எகிப்தின் பாலைநிலத் துறவியர் இதனை இன்னும் நுட்பமாக அறிந்திருந்தனர். யோவான் காசியான் எழுதிவைத்த உரையாடல்களில் மோசே என்னும் துறவி மனத்தை நீராலையோடு ஒப்பிடுகிறார். நீர் பாய்ந்துகொண்டே இருப்பதால் கல் சுழல்வதை நிறுத்த இயலாது. ஆனால் அதில் கோதுமையைப் போடுவதா களையைப் போடுவதா என்பது ஆலைக்காரன் கையில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் கட்டளைச் செபத்திற்கு முன்பே கைப்பேசியை எடுத்து, அதில் முதலில் தென்படும் தள்ளுபடி மடலை அரைப்பதற்குக் கொடுத்துவிட்டு, திருப்பலியில் மனம் ஒன்றவில்லையே என்று வருந்துவதில் பொருளென்ன? ஆலை தன் வேலையைத்தான் செய்கிறது.

விலகிக்கொள்வதிலும் அறம் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. நான் அறிந்த, நானே பெயர் தந்த நிறுவனமாயின் முறைப்படி விலகுவதே நேர்மை. 2024ஆம் ஆண்டு முதல் கூகுள், யாஹூ ஆகிய நிறுவனங்கள், பெருந்தொகையாக விளம்பர மடல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வழியைத் தந்தாக வேண்டும் என்று விதித்திருக்கின்றன. ஆகவே முன்போல் இது தொல்லையான வேலையன்று. முகமறியாத மோசடிக்காரனின் மடலாயின் விலகும் இணைப்பைத் தொடவே கூடாது. தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறான் என்று நாமே அவனுக்கு அறிவித்ததாகும். அவனைக் குப்பை என்று குறித்து விலக்கிவிட வேண்டும். மடல்களிலுள்ள படங்கள் தாமாகத் திறவாதபடி அமைத்துக்கொள்வதும் நன்று. கண்ணுக்குத் தெரியாத சிறு படமொன்றை ஒளித்துவைத்து, நாம் மடலைத் திறந்த நேரத்தைக்கூட அறிந்துகொள்வோர் உண்டு.

இங்கே பலரும் கவனியாத ஒன்று உண்டு. விலகுவதற்குச் சோம்பி, நாமே கேட்டுப் பெற்ற மடலையும் 'குப்பை' என்ற பொத்தானை அழுத்தித் தள்ளிவிடுகிறோம். அந்தப் பொத்தான் வெறும் குப்பைக் கூடையன்று. அது ஒரு சாட்சியம். 'இவர் அழையாமல் வந்து தொல்லை தருகிறார்' என்று நாம் சொல்வதாகவே அஞ்சல் சேவை அதனை எடுத்துக்கொள்கிறது. அவ்வாறு பலர் சொன்னால் அந்த அனுப்புநரின் மடல்கள் ஏனையோருக்கும் சேராமற்போகும். நேர்மையாகக் கைத்தொழில் நடத்தும் ஒரு சிறு வணிகர், தாமாகவே பெயர் தந்த வாடிக்கையாளருக்கு எழுதுவதும் தடைப்படலாம். எட்டாம் கட்டளை இந்தப் பொத்தானுக்கும் பொருந்தும் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இளையோர் கூட்டமொன்றில் இதனைப் பேசியபோது ஒரு மாணவி எழுந்து, "ஃபாதர், கடையில் மெயில் முகவரி கேட்டால் நான் பொய்யான முகவரி ஒன்றைச் சொல்லிவிடுவேன். அது பாவமா?" என்று கேட்டாள். கேட்க உரிமையில்லாதவனுக்கு உண்மையைச் சொல்லும் கடமை உண்டா என்பது அறநெறி இறையியலில் மிகப் பழைய வழக்கு. புனித அகுஸ்தினார் எந்தப் பொய்யையும் ஒப்பமாட்டார். பின்வந்தோர் சிலர் சற்று இளக்கம் காட்டினர். அந்த வழக்குக்குள் நான் அவளை இழுக்கவில்லை. "நீ சொல்லும் பொய் முகவரி உண்மையிலேயே வேறொருவருடையதாக இருந்தால்?" என்று மட்டும் கேட்டேன். அவள் சற்று யோசித்து, "அப்போ என் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டுகிறேன்" என்றாள். 'தர விருப்பமில்லை' என்று சொல்ல நமக்கேன் இவ்வளவு கூச்சம்? மறுத்தால் மரியாதைக் குறைவு என்று எண்ணி, மரியாதையாகப் பொய் சொல்லப் பழகியிருக்கிறோம். வணிகத்துக்கென்று தனியாக ஒரு முகவரியை வைத்துக்கொண்டு அதனைத் தருவதில் பொய்யுமில்லை, தொல்லையுமில்லை. இன்று நான் அவ்வாறே செய்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். எங்கள் ஆலயத்தின் நூற்றாண்டு விழாவின்போது, திருமுழுக்கு, திருமணம், சான்றிதழ் என்று பல காரணங்களுக்காக மக்கள் தந்திருந்த மின்னஞ்சல் முகவரிகளையெல்லாம் ஒன்றுதிரட்டி, கட்டட நிதிக்கான வேண்டுகோளை வாரந்தோறும் அனுப்பினோம். அனுப்பச் சொன்னவன் நான்தான். வேறு மறைமாவட்டத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஒருவர், தம் பெயரை நீக்குமாறு இருமுறை எழுதியும் நாங்கள் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் முறை அவர் எழுதியதன் சாரம் இதுதான்: என் குழந்தையின் திருமுழுக்குக்காகத் தந்த முகவரியை நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? 2023இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் இசைவைத் திரும்பப் பெறுவது, இசைவளித்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே மனச்சான்று சொல்லியிருக்க வேண்டும். இறைவனின் பெயரால் அனுப்பப்படுவதால் குப்பை நறுமணம் பெற்றுவிடாது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன்; அவர் பதில் எழுதவில்லை. அதற்கும் அவருக்கு உரிமை உண்டு.

இனி, நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

இவ்வளவு துப்புரவுக்குப் பின்பும் மோசடி மடல்கள் வந்துகொண்டே இருந்தன. கணினி அறிந்த இளைஞர் ஒருவரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு விதியை அமைத்துத் தந்தார்: என் முகவரிப் பட்டியலில் பெயர் இல்லாத எவர் எழுதினாலும் அம்மடல் நேரே குப்பைப் பகுதிக்குப் போய்விடும். மறுநாள் காலையில் பெட்டியில் நான்கே மடல்கள், நான்கும் தெரிந்தவர்கள். அந்த அமைதியை என்னவென்று சொல்வேன்! அதைச் செபத்தின் அமைதி என்றே தவறாக எண்ணிக்கொண்டேன்.

எங்கள் பங்கு கடலோரப் பங்கு. சரக்குக் கப்பல்களில் பணிசெய்யும் இளைஞர் பலர் உண்டு. அவர்களுள் ஒருவரின் தாய் நெடுநாள் படுக்கையில் இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒருநாள் பின்னிரவில் பக்கத்து வீட்டார் வந்து அழைத்தனர். ஓடிச் சென்று நோயில்பூசுதல் வழங்கினேன். அதற்குள் அந்த அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. விடியுமுன் இறந்தார். மகன் நடுக்கடலில் இருந்தார். அடக்கத்திற்கு வர இயலவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் ஊருக்கு வந்தார். கல்லறையில் செபித்துவிட்டு என்னிடம் வந்து, மிகுந்த தயக்கத்தோடு, "சாமி, நான் கப்பல்லேருந்து எழுதினது உங்களுக்குக் கிடைக்கலையா?" என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். அவர் போன பின்பு ஏதோ உறுத்த, குப்பைப் பகுதியைத் திறந்தேன். கப்பலின் பெயரும் எண்ணும் கலந்த ஒரு விநோதமான முகவரி. தலைப்பு இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். தாய் இறப்பதற்கு எட்டு நாள்களுக்கு முன் வந்த மடல். அம்மாவுக்கு நற்கருணை கொடுக்கப் போகும்போது கீழே உள்ளதை வாசித்துக் காட்டுங்கள் சாமி என்று சொல்லி, அதன்கீழ் ஐந்தாறு வரிகள் தாய்க்கு எழுதியிருந்தார். அவ்வரிகளை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. குப்பைப் பகுதியில் 30 நாள்கள் கிடப்பது தானே அழிந்துவிடும்; இன்னும் சில நாள் சென்றிருந்தால் அப்படியொரு மடல் வந்ததை நானும் அறிந்திருக்கமாட்டேன்; இல்லை என்று சொன்ன அந்த உறுதியோடு வாழ்ந்திருப்பேன்.

அந்த எட்டு நாள்களில் இருமுறை அந்த வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோயிருக்கிறேன்.

நற்செய்தியில் எரிகோவின் வழியோரம் அமர்ந்து பர்த்திமேயு கூவுகிறார். அவரை அதட்டி அடக்கியவர்கள் தீயவர்கள் அல்லர். இயேசுவுக்குத் தொல்லை நேரக்கூடாது என்று எண்ணியவர்களே. நான் அமைத்த விதியும் அத்தகையதுதான். செல்வரின் வாயிலில் கிடந்த இலாசரையோ அடிக்கக்கூட ஆளில்லை. காண ஆளில்லை, அவ்வளவே. நள்ளிரவில் கதவைத் தட்டிய நண்பனையும், நடுவரை விடாது நச்சரித்த கைம்பெண்ணையும் ஆண்டவர் செபத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்தாரே! தொல்லை தருவோரெல்லாம் கள்வர் என்று அவர் சொல்லவில்லை. நம் தமிழும் இதனை அறியும். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். அறிமுகம் இல்லாமல் புதிதாக வந்து நிற்பவரே விருந்தினர். பட்டியலில் உள்ளவரை மட்டும் வரவேற்பது உறவு பேணுதல். அது விருந்தோம்பல் ஆகாது. வள்ளுவர் பயனில சொல்லாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பயனில கேளாமை என்று தனியே வகுக்கவில்லை. கேள்விக்கு மட்டும் ஓர் அதிகாரம் தந்தார். காரணம் அவருக்கே தெரியும். நான் என் வசதிக்கு ஒரு பொருள் கொள்கிறேன்.

அப்படியானால் கதவைத் திறந்து போட்டுவிடுவதா? அதுவும் தீர்வன்று. 43 மடல்களுக்கு நடுவே அந்த ஒன்று வந்திருந்தாலும் நான் அதைத் தவறவிட்டிருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். குப்பை செய்யும் பெருந்தீங்கு இதுவே: உண்மையான குரலை அது மூடிவிடுகிறது. சலிக்கத்தான் வேண்டும், எதற்கு அஞ்சிச் சலிக்கிறோம் என்பதே கேள்வி. அஞ்சல் சேவைகளின் சல்லடைகள் பலவற்றுக்கும் அடிப்படையாக அமைந்த கணித முறை தாமஸ் பேயஸ் என்னும் ஆங்கிலேயப் போதகருடையது. 1761இல் அவர் இறந்த பின்பு, மற்றொரு போதகரான நண்பர் அவரது கட்டுரையை 1763இல் வெளியிடச் செய்தார். கத்தோலிக்கர் அல்லர், ஆயினும் அவரைக் குருக்களின் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. ஒவ்வொரு சொல்லும் குப்பையில் எத்தனை முறை வருகிறது, நல்ல மடலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, வந்திருப்பது எதுவாக இருக்கக்கூடும் என்று இம்முறையால் மதிப்பிடுகிறார்கள். 2002இல் இதனைப் பலரும் அறியுமாறு விளக்கிய பால் கிரகாம் என்ற கணினி அறிஞர், நல்ல மடலில் வரும் சொற்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் கணக்கிட்டார். குப்பை ஒன்று உள்ளே வருவது சிறு தொல்லை. நல்ல மடல் ஒன்று தொலைவது பெரும் பிழை என்பது அவர் எண்ணம். களையைப் பறிக்கும்போது கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்று பணியாளரைத் தடுத்த நிலக்கிழாரின் மனம் அக்கணக்கில் எங்கோ இருக்கிறது. என்னுடைய ஒரே விதியில் அது இல்லை.

அவ்விதியை அன்றே நீக்கினேன். மகனைத் தேடிப்போய் மடலைக் கண்டெடுத்ததைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை; சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அம்மா கிட்ட இப்பயாவது வாசிச்சிருங்க சாமி" என்றார். இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். வாசித்தேன்.

இப்போது என் பெட்டிக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மடல்கள் வருகின்றன. அவற்றில் இரண்டு மூன்று குப்பை இருக்கும். சனிக்கிழமை மாலை, ஒப்புரவு அருளடையாளத்துக்கு மக்கள் வருமுன் கிடைக்கும் அரைமணி நேரத்தில், குப்பைப் பகுதியைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துவருகிறேன். சென்ற வாரம் அங்கே 61 மடல்கள் இருந்தன. சீமாட்டி ஒருவர் வழக்கம்போல் இறந்துகொண்டிருந்தார். நாற்பத்தேழாவதாக, நான் முன்பு பணிசெய்த பங்கிலிருந்து ஒரு கல்லூரி மாணவன், தன் பாட்டியின் திருமுழுக்கு ஆண்டைக் கண்டறிய உதவ முடியுமா என்று கேட்டிருந்தான். மடலுக்குத் தலைப்பு இல்லை. பழைய பங்கின் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுமாறு இப்போதைய பங்குத்தந்தைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அவனுக்குப் பதில் எழுத அமர்ந்தேன்.